ஒப்படைப்புப் பட்டியல்

மின்விசிறி நான்கு.
குழாய் ஒன்பது, அதில் ஒழுகுவது ஒன்று.
ஜன்னல் கண்ணாடி முழுசாய்ப் பதினொன்று, விரிசலோடு இரண்டு.
ஆர்.கே.புரம் நான்காம் செக்டார் தரைத்தள வீட்டை
இளநிலைப் பொறியாளர் எண்ணி எண்ணிக் கொடுத்தார்.
எண்ணாமல் கையெழுத்துப் போட்டேன்.
பின்கட்டுப் பவளமல்லி
அவர் பூட்ஸின்மேல் ஒரு பூவைப் போட்டது.
அது பட்டியலில் இல்லை.

தீபாவளி முடிந்த வாரம் காற்று கெட்டது.
எவ்வளவு கெட்டது என்று பார்க்கக் கைப்பேசி வேண்டாம்,
செம்பருத்தி இலையைத் துடைத்த துணி போதும்.
பிழிந்தால் கறுப்பாய் இரண்டு மக் தண்ணீர்.
இருமிக்கொண்டே வந்தார் தள்ளுவண்டி நஃபீஸ்.
பெட்டூனியா, பான்சி, டயாந்தஸ்,
ஈரச் செய்தித்தாளில் சுற்றிய நாற்று,
நூறு ரூபாய்க்குப் பன்னிரண்டு.
எத்தனை நாள் இருக்கும் என்றேன்.
"ஹோலி வரைக்கும், மேடம்.
அதற்குமேல் கேட்பது பேராசை."

தையில் பதினொரு நாள் வெயிலே இல்லை.
மீசை வரைந்த குட்டி முகங்களோடு
பான்சிகள் பனியில் விறைத்து நின்றன.
கறிவேப்பிலைதான் ஒவ்வொரு ஈர்க்காய் உதிர்த்துக்
கடைசியில் குச்சியானது.
மாடிவீட்டு பல்லா அம்மாள் துக்கம் விசாரிக்க வந்தார்.
அவர்கள் மொழியில் அதற்குப் பெயர் இனிப்பு வேம்பு.
இனிப்பும் இல்லை, வேம்பும் இல்லை என்று
சண்டை பிடிக்க அன்று எனக்குத் தெம்பில்லை.

நஃபீஸின் கணக்கு ஒரு நாள்கூடப் பிசகவில்லை.
பங்குனியில் பெட்டூனியா அப்பளமாயிற்று.
அதே வெயிலில், குச்சியின் காலடியில்,
செம்பழுப்பாய் இரண்டு துளிர்.
கசக்கி மோந்து பார்த்துத்தான் நம்பினேன்.
அதற்குள் ஒன்று போச்சு.

சித்திரை பற்றிச் சொல்ல எதுவுமில்லை.
அனல்காற்று. காலை ஐந்தரைக்கு வந்து ஆறரைக்குப் போகும் தண்ணீர்.
வாளி. வாளி. வாளி.
காகிதப்பூ மட்டும்
நான் மறந்த நாளெல்லாம் கூடுதலாய்ப் பூத்து
என் அக்கறையின் அளவை
அக்கம்பக்கத்துக்குக் காட்டிக்கொடுத்தது.
மழைக்கு முன் சுத்தம் செய்கிறேன் என்று
வைகாசிக் கடைசியில் ஒரு ஞாயிறு,
பவளமல்லித் தண்டில் ஒட்டிக் காய்ந்துகிடந்த
ஏதோ ஒரு புல்லுருவியைச் சுரண்டி
மக்குக் குழியில் எறிந்தேன்.
லேசில் விடவில்லை.
தோசைத் திருப்பி வளைந்துபோயிற்று.

முதல் மழைக்கு நாலாம் நாள்
துணிக்கிளிப் போட்டுவைத்த வெறும் தொட்டியில்
கிளிப்புகளை முட்டி ஒதுக்கிக்கொண்டு
ரோஜா நிறத்தில் மூன்று மழைலில்லி.
பட்டியலின் என் நகலைத் தேடி எடுத்து
அடியில் பேனாவால் எழுதினேன்:
கிழங்கு, எண்ணிக்கை தெரியவில்லை.

அந்த வாரமே முந்தைய குடித்தனக்காரருக்கு
வங்கியிலிருந்து ஒரு கடிதம்.
லால்ரெம்ருவாதி, இதே முகவரி.
எண் பிடித்து ஐஸாலுக்குப் பேசினேன்.
கடிதத்தைக் கிழித்துவிடுங்கள் என்றார்.
லில்லியா, அது எனக்கும் முன்னாலிருந்தே இருக்கிறது என்றார்.
பிறகு கொஞ்சம் தயங்கி,
"மரத்தில் ஓர் ஆர்க்கிட் கட்டிவைத்தேனே, பூத்ததா?
ஆறு வருஷம் என்னிடம் பூக்கவே இல்லை."

வளைந்த தோசைத் திருப்பி
சமையலறை ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.
இன்னும் இல்லை என்றேன்.
அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை.

ராத்திரி டார்ச் அடித்துக் குழியைக் கிளறினேன்.
முட்டை ஓடு, டீத்தூள், மண்புழு,
பெட்டூனியாவின் எலும்புகள்.
அடியில் வெளுத்த ஒரு வேர், நுனி மட்டும் பச்சை,
அதோடு ஒரே ஓர் இலை, பாதி.
துப்பட்டா ஓரத்தைக் கிழித்து
எடுத்த இடத்திலேயே கட்டினேன்.

இன்று புரட்டாசி ஒன்பது.
பவளமல்லி உதிரத் தொடங்கியிருக்கிறது.
ஒரு பூ தரைக்கு வராமல்
அந்தப் பாதி இலையின் மடிப்பில் சிக்கி,
ஆரஞ்சுக் காம்பு உள்ளே, வெள்ளை வெளியே,
வாசல்படியிலிருந்து பார்த்தால் பூத்த மாதிரியே இருக்கிறது.
படம் எடுத்தேன்.
அனுப்பவில்லை.
எந்தப் பூ எந்த மாதத்தது என்று
அவருக்குத் தெரியும்.